7 லட்சத்துக்குள் ஒரு மேனுவல் செடான்: ரேபிட், சிட்டி, வெர்னா, லினியா

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கி, பாதி திரும்பியதும் ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டால், வளைவு முடிவதற்குள் வண்டி நம்மை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கார் ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே அந்த நொடிதான். வீட்டில் நான்கு பேர், டிக்கியில் ஊருக்குப் போகிற மூட்டை முடிச்சு, கையில் 7 லட்சம். இதற்குள் அந்த நொடியைத் தருகிற செகண்ட் ஹேண்ட் செடான் எது என்று மூன்று மாதம் தேடினேன். சந்தைக்கு வந்த வண்டிகளைப் பார்த்தும் ஓட்டியும் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

தேட ஆரம்பித்ததுமே ஒரு விஷயம் புரிந்தது. நம் ஊரில் நல்ல எஞ்சினும் மேனுவல் கியரும் ஒரே வண்டியில் சேர்ந்து வருவது குறைவு. ஃபோக்ஸ்வேகன் வென்டோவில் 1.2 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின் வந்தபோது டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கோடு மட்டுமே வந்தது. 2020 ஹூண்டாய் வெர்னாவின் 1.0 டர்போவும் அப்படித்தான், டிசிடி ஆட்டோமேட்டிக் மட்டும். சுறுசுறுப்பான எஞ்சின் வேண்டும் என்றால் ஆட்டோமேட்டிக்கை எடு என்று நிறுவனங்களே முடிவு செய்துவிட்டன. அதனால் கிளட்ச்சோடு மூன்று பெடல் வேண்டும் என்று நிற்பவர்களுக்குப் பட்டியல் சின்னது. கடைசியில் என்னிடம் நான்கு வண்டிகள் மிஞ்சின.

முதலில் ஸ்கோடா ரேபிட். இதில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே உடம்பில் பல எஞ்சின்கள் வந்திருக்கின்றன. 2020-இல் பிஎஸ்6 புகை விதிக்காக வந்த 1.0 டிஎஸ்ஐதான் நாம் தேடுவது: மூன்று சிலிண்டர், டர்போ, 110 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), 6 கியர். அதற்கு முன் விற்ற 1.6 பெட்ரோலில் டர்போ கிடையாது. 105 பிஎஸ் என்று தாளில் பக்கத்தில் வந்தாலும், ஓட்டினால் இரண்டும் வேறு வேறு வண்டி. விளம்பரத்தில் 'ரேபிட் பெட்ரோல்' என்று மட்டும் போட்டிருந்தால் ஆர்சியில் கியூபிக் கெபாசிட்டியைப் பாருங்கள். 999 என்றால் இது, 1598 என்றால் பழையது. 1498 என்று இருந்தால் டீசல். அந்த டீசலும் மோசமில்லை. மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் பைபாஸில் ஓடுபவர் அதைத் தாராளமாக எடுக்கலாம்.

1.0 டிஎஸ்ஐயின் குணத்தைச் சொல்ல வேண்டும். முழு டார்க்கும் 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, 4,000 வரை அப்படியே நிற்கிறது. அதனால் மூன்றாம் கியரில் 40-இல் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால், கியர் இறக்காமலே லாரியைத் தாண்டலாம். ஆனால் 1,500-க்குக் கீழே விழுந்தால் எஞ்சின் சோர்ந்துவிடும். ஏற்காட்டில் எட்டாவது வளைவில் முன்னால் பஸ் நின்றதால் நான் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து போனேன். பஸ் நகர்ந்ததும் மிதித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் கழித்துத்தான் டர்போ விழித்தது. முதல் கியருக்கு இறக்கியிருக்க வேண்டும். பழகிக்கொண்டால் இது ஒரு தொந்தரவே இல்லை. பழகாதவர் மேட்டில் இரண்டு முறை ஆஃப் செய்வார்.

நூறுக்கு மேல் போனால் ரேபிட் தரையைப் பிடித்துக்கொள்கிறது. உளுந்தூர்பேட்டைப் பாதையில் பக்கக்காற்று அடித்தாலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. குறை பின்சீட்டில். உயரமானவர் ஓட்டினால் அவருக்குப் பின்னால் உட்காருபவரின் முழங்கால் சீட்டில் இடிக்கும். என் அப்பா அரை மணி நேரத்திலேயே சொல்லிவிட்டார். சர்வீஸ் செலவு ஹோண்டா, ஹூண்டாய் வண்டிகளை விட அதிகம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இதே எஞ்சினோடும் இதே 6 கியரோடும் வந்த வென்டோ 1.0 டிஎஸ்ஐ கிடைத்தாலும் தயங்காமல் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான்.

அடுத்து ஹோண்டா சிட்டி, 2014 முதல் வந்த நான்காம் தலைமுறை. 1.5 ஐ-விடெக் பெட்ரோல், 119 பிஎஸ், 145 நியூட்டன் மீட்டர், 5 கியர். தாளில் ரேபிட்டை விட சக்தி அதிகம். ஆனால் அந்த 119 வருவது 6,600 ஆர்பிஎம்மில். டர்போ இல்லாத எஞ்சின், விரட்டினால்தான் ஓடும். நாலாயிரத்தைத் தாண்டியதும் சத்தமே மாறுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே சிட்டியை விரும்புபவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கியர் லீவர் விழுகிற விதம் இந்த நான்கில் இதில்தான் சிறந்தது. இரண்டு விரலால் தள்ளினால் போதும், அது தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. கிளட்ச் பஞ்சு மாதிரி. சென்னை டிராஃபிக்கில் ஓட்டுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பின்சீட்டில் கால் நீட்டி உட்காரலாம், டிக்கி 510 லிட்டர், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம்.

பிறகு ஏன் யோசிக்கிறேன்? ஸ்டீயரிங் லேசு, டயர் என்ன செய்கிறது என்று கைக்கு அவ்வளவாகச் சொல்லாது. வேகமாக வளைவில் விட்டால் உடம்பு கொஞ்சம் சாயும். அப்புறம் விலை. சிட்டிக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம் என்பதை வாங்கும்போதும் நாம்தானே கொடுக்கிறோம். நான் பார்த்தவரை, 2021 ரேபிட்டுக்குக் கேட்கிற விலைக்கே 2017 சிட்டிதான் வருகிறது. இன்னொன்று, பழைய சிட்டிகளில் டகாடா கம்பெனியின் குறையுள்ள ஏர்பேக்கை மாற்ற ஹோண்டா ரீகால் செய்திருக்கிறது, அதாவது வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறது. விஐஎன் (சேஸிஸ்) எண்ணை வைத்து, வேலை முடிந்ததா என்று ஹோண்டா ஷோரூமிலேயே கேட்டுவிடலாம்.

மூன்றாவது, 2011-இல் வந்த ஃப்ளூயிடிக் வெர்னா 1.6 டீசல். 128 பிஎஸ், சுமார் 260 நியூட்டன் மீட்டர், 6 கியர். நேர்கோட்டில் இந்தக் கூட்டத்திலேயே இதற்கு ஈடு இல்லை. விலையும் இப்போது இறங்கிவிட்டது. ஆனால் நேர்கோடு முடிந்ததும் பிரச்சினை. முதலில் வந்தவற்றின் பின் சஸ்பென்ஷன் மிகவும் மென்மை. நெடுஞ்சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கினால் பின்பக்கம் இரண்டு முறை ஆடித்தான் நிற்கும். 2015-இல் வந்த 4எஸ் மாடலில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள், எடுத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், அந்த வண்டிக்கு வளைவில் ஓட இன்னும் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. உதிரிபாகம் மட்டும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

கடைசி வண்டியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். ஃபியட் லினியா டி-ஜெட். 1.4 டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், 207 நியூட்டன் மீட்டர், 5 கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 2016-இல் வந்த 125 எஸ் மாடலில் 125 பிஎஸ். கதவைச் சாத்தும்போதே பெட்டகத்தை மூடுகிற சத்தம் வரும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் நிற்கும்போது கனம்தான், ஆனால் மலைப்பாதையில் தாரின் சொரசொரப்பு வரை உள்ளங்கைக்குத் தெரியும். குண்டும் குழியுமான ரோட்டில் இந்த வண்டி போகிற விதத்தை மற்ற மூன்றிலும் நான் பார்க்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் 'தொம்' என்று ஒரே சத்தம், அதோடு முடிந்தது. விலையோ, சிட்டிக்குக் கேட்பதில் பாதிக்கும் கீழே.

ஏன் இவ்வளவு மலிவு என்பதுதான் கேள்வி. 2019 வாக்கில் ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது. லினியா டீசலுக்குப் பயமில்லை, அதே 1.3 எஞ்சின் ஸ்விஃப்ட்டிலும் ஓடியது, எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். டி-ஜெட் அப்படி இல்லை. அந்த எஞ்சின் இங்கே மிகக் குறைந்த வண்டிகளில்தான் வந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி தங்கம் தம்பி. ஆனா டர்போவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பார்ட்ஸ் வர்ற வரைக்கும் இது என் ஷெட்டுலதான் நிக்கும். உன்கிட்ட இன்னொரு வண்டி இருக்கா?" இல்லை. அந்தக் கேள்வியோடு லினியா என் கையை விட்டுப் போனது. வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்து, சென்னை, கோவை மாதிரி ஃபியட் தெரிந்த மெக்கானிக் இருக்கிற ஊரில் நீங்கள் இருந்தால், என் வாக்கு லினியாவுக்கே. பெட்ரோலுக்கு மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், ஊருக்குள் லிட்டருக்குப் பத்து வந்தால் சந்தோஷப்படலாம்.

மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் பற்றிச் சில நண்பர்கள் கேட்டார்கள். அருமையான ஸ்டீயரிங். ஆனால் 2007, 2008 வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டிய நிலை, உள்ளே ரப்பர் என்று இருப்பதெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஆசைக்கு இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கோடா லாரா வி-ஆர்எஸ் 160 பிஎஸ், 6 கியர், நினைத்தாலே இனிக்கிறது. வாங்குகிற விலையை விட அதைச் சரிபார்க்கிற செலவு பயமுறுத்துகிறது. இன்னும் இரண்டு லட்சம் போட முடிந்தால் ஸ்கோடா ஸ்லாவியா 1.0 மேனுவலைத் தேடுங்கள். ரேபிட்டின் பின்சீட் குறை அதில் இல்லை, பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம்.

நான்கில் எதை எடுத்தாலும், பணம் கொடுக்கும் முன் கிளட்ச்சைச் சோதியுங்கள். மேனுவல் வண்டியை விரட்டி ஓட்டியவர் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது அதுதான். சமதரையில் ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே திணறி நின்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் 30-இல் போகும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். 'கர்ர்' என்று அரைத்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

சென்னை வண்டி என்றால் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. ஒரு கடையில் பளபளவென்று ஒரு சிட்டி நின்றது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரிகிற பகுதி சுத்தம். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக்கறை, ஓரத்தில் கோடு போட்ட மாதிரி. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல இருக்கிற ரெயிலைத் தடவினேன், விரலில் துரு. கடைக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை, வந்துவிட்டேன்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அங்கே ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மீண்டும் வரி கட்டிய பிறகு என்ன விலை வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். லோன் வண்டி என்றால் பேங்க் என்ஓசியும், ஆர்சியில் கடன் பதிவை நீக்குகிற ஃபார்ம் 35-உம் கையில் வந்த பிறகே மீதிப் பணம். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் வாக்கில்; இந்த நான்கில் இருக்கிற பெட்ரோல் வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தியவை. பெட்ரோல் ஹோஸ்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

சரி, நான் எடுத்தது ரேபிட் 1.0 டிஎஸ்ஐ, 2021, சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர். சிட்டியின் கியரும் லினியாவின் ஸ்டீயரிங்கும் இன்னும் மனதில் இருக்கின்றன. ஆனால் தினமும் ஓட்டவும், வருடத்துக்கு நாலு முறை மலை ஏறவும், கெட்டால் ஊரிலேயே சரிசெய்யவும் ஒரே வண்டிதான் என்னால் வைத்துக்கொள்ள முடியும். பின்சீட்டுக்கு அப்பா சம்மதித்தது, முன்சீட் அவருக்குத்தான் என்று சொன்ன பிறகு. விலையில் பதினைந்தாயிரம் குறைந்தது டயரால். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 0721, அதாவது 2021-இன் ஏழாவது வாரம். டயரின் வரிப்பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது என்று காட்டினேன், விற்றவர் ஒத்துக்கொண்டார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு நான்கு புது டயர் மாட்டிய பிறகுதான் ஏற்காட்டுக்கு ஏறினேன்.