ஒரு பயிற்சிப் புத்தகம், 30 நாள் ட்ரையல், 16 வருட டிரீம்வீவர்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிடிபி வேலை (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைப்பது) பார்த்துக்கொண்டிருந்தேன். 2008-ல் ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, வெளியூர் பார்ட்டிங்களுக்கு கொரியர்ல ஆல்பம் அனுப்பியே காசு கரையுது, ஒரு வெப்சைட் போட்டு அதுல டிசைனை எல்லாம் வச்சிரலாம்ல, நீயே கத்துக்கிட்டுச் செஞ்சிரு" என்றார். எனக்குத் தெரிந்தது அச்சு வேலைக்கான பேஜ்மேக்கரும் கோரல் டிராவும்தான். அந்த வருடம் மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது போய், வலைப்பக்கம் செய்யும் மென்பொருளான அடோபி டிரீம்வீவரின் சிஎஸ்3 பதிப்புக்கான ஆரம்பநிலைப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஆங்கிலப் புத்தகம், பின்னட்டையில் ஒட்டிய உறைக்குள் ஒரு சிடி. இப்போதும் அலமாரியில் இருக்கிறது. நடுமுதுகு பிரிந்து, கேக் பெட்டிக்கு ஒட்டும் டேப் போட்டு வைத்திருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வெப் டிசைன் மென்பொருளைப் புத்தகம் வைத்துக் கற்க முடியுமா, வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முடியும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் எந்தப் பகுதி என்னோடு நின்றது, எது வீணாகப் போனது என்பதைச் சொன்னால்தான் வாங்குபவருக்கு உதவும்.

மென்பொருளின் விலை அப்போது என் நாலைந்து மாதச் சம்பளம். அதனால் 30 நாள் ட்ரையலை இறக்கிப் போட்டுக்கொண்டு, அதற்குள் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். காலண்டர் சீசன் தொடங்கிவிட்ட நேரம், அச்சகத்தில் வேலை முடிய இரவு ஒன்பதாகும், அதற்கு மேல் பதினொன்றரை வரை புத்தகம். இந்த 30 நாள் கெடு எனக்கு நல்லதே செய்தது. ஒரு பாடத்தைப் படித்துவிட்டு நாளைக்குச் செய்துபார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியவில்லை, படிக்கும்போதே கையும் ஓடியாக வேண்டியிருந்தது.

சிடியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஃபோல்டர் இருக்கும். ஒன்றில் பாதி வேலை முடிந்த கோப்புகள், இன்னொன்றில் முழுக்க முடிந்த கோப்புகள். பாதியில் இருப்பதைத் திறந்து, படிப்படியாகச் செய்து, கடைசியில் முடிந்ததோடு ஒப்பிட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் எங்கே தவறியது என்று கேட்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது, அந்த முடிந்த ஃபோல்டர்தான் எனக்கு வாத்தியார். ஆனால் ஆறேழு பாடம் தாண்டியதும் ஒன்று புரிந்தது. மெனுவை எந்த அளவில் வைப்பது, படத்தை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்ற முடிவையெல்லாம் புத்தகமே எடுத்துவிட்டிருந்தது. வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்து ஆரம்பித்தபோது முதல் டேக் (இது தலைப்பு, இது பத்தி என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி) எதைப் போடுவது என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை செய்தேன், முதல் முறை அவர்கள் கோப்பில், இரண்டாவது முறை எங்கள் காலண்டர் படங்களை வைத்து வெற்றுப் பக்கத்திலிருந்து. நேரம் இரட்டிப்பாகப் போனது. அப்படியும் சொல்வேன், நான் கற்றதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது முறையில்தான்.

புத்தகத்தின் மிகச் சிறந்த பாடம் எது என்றால், பார்க்கச் சலிப்பாக இருக்கும் அந்த சைட் அமைக்கும் பாடம். எல்லாக் கோப்பும் ஒரே ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், அதை மென்பொருளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், படங்களுக்கு உள்ளே தனி ஃபோல்டர், பெயர்கள் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். நான் இதைத் தாவிவிட்டேன். டி டிரைவில் கிடந்த டிசைன் ஃபோல்டரிலிருந்து படங்களை நேராக இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் செய்து இணையத்தில் ஏற்றினேன், என் கம்ப்யூட்டரில் அத்தனை படமும் அழகாகத் தெரிந்தது. அண்ணாச்சி வீட்டில் திறந்தால் ஒரு படம்கூட இல்லை. பக்கத்தின் பின்னால் இருக்கும் கோடை (code) எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்தின் முகவரியும் என் டி டிரைவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் திருத்தி மறுபடி ஏற்றினேன், அப்போதும் பாதிப் படம் வரவில்லை. காரணம், கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, சைட் இருந்த லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறு கோப்பாகப் பார்க்கும். அன்றிரவே அந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போய் வரி வரியாகப் படித்தேன். ஃபைல்ஸ் பேனலுக்குள் வைத்து ஒரு கோப்பை நகர்த்தினால், அதைச் சுட்டும் இணைப்புகளை மாற்றவா என்று மென்பொருளே கேட்கும் என்பது அதில்தான் இருந்தது. இன்றைக்கு எந்த மென்பொருளைத் திறந்தாலும் நான் முதலில் செய்வது அந்தப் பாடத்தில் சொன்னதைத்தான்.

படங்களில் இன்னொரு சிக்கலும் வந்தது, இது என்னைப் போல அச்சிலிருந்து வருபவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடம் இருந்த படமெல்லாம் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில், அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ நுணுக்கத்தில் இருந்தவை. அவற்றை அப்படியே சிறிதாக்கி ஜேபெக் ஆகச் சேமித்துப் போட்டேன், அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் படத்துக்குப் பதில் சிவப்பு எக்ஸ் குறி. அந்த பிரவுசர் சிஎம்ஒய்கே ஜேபெக்கைக் காட்டாது. புத்தகத்தில் படங்களைப் பற்றித் தனிப் பாடமே இருந்தும் திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபிக்கு மாற்றச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் ஏபி எலிமெண்ட். பழைய பதிப்புகளில் அதற்கு லேயர் என்று பெயர், சிஎஸ்3-ல்தான் பெயர் மாறியது. பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் எழுத்தோ படமோ வைத்துக்கொள்ளலாம். பேஜ்மேக்கரில் டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டுப் பழகியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இதுதான் வெப் டிசைன் என்று நம்பி முகப்புப் பக்கம் முழுவதையும் பெட்டி பெட்டியாக வரைந்தேன், மில்லிமீட்டர் பிசகாமல். ஒரு வாடிக்கையாளர் தன் பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார், அங்கே ஒரு பெட்டியின் எழுத்து அடுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, விலைப்பட்டியல் படிக்கவே முடியவில்லை. தாளின் அளவு நம் கையில், திரையின் அளவு பார்ப்பவர் கையில் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. புத்தகம் இதைச் சொல்லாமல் இல்லை. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், முழுப் பக்கத்தையும் இப்படி அமைக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி பாடத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டும். ஆரம்பநிலைப் புத்தகம் எழுதுபவர்கள் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது: என்னென்ன செய்யலாம் என்பதைப் படம் போட்டு விளக்கிவிட்டு, எதைச் செய்யக்கூடாது என்பதை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஸ்ப்ளிட் வியூவைப் பற்றிப் புத்தகம் அரைப் பக்கம்தான் பேசியது. மேலே கோடு (code), கீழே டிசைன், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இதை நான் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு வரியைத் தலைப்பாக்கினால் மேலே என்ன டேக் வருகிறது, எழுத்தை அழித்த பிறகும் காலி டேக் எப்படி அங்கேயே மிச்சம் கிடக்கிறது, எல்லாம் கண்ணெதிரே. டேக்குகளால் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைத் தனியாக உட்கார்ந்து நான் படித்ததே இல்லை, இப்படிப் பார்த்துப் பார்த்து வந்ததுதான். மொத்த மென்பொருளிலும் எனக்கு ஒரே ஒரு வசதியை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

தமிழ் விஷயத்தில் புத்தகம் உதவவே இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. அச்சகத்தில் எங்கள் தமிழெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டில் அடித்தது, அதை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது. கன்வெர்ட்டரில் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தின் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பார்த்து, விண்டோஸில் வரும் லதா என்ற தமிழ் ஃபாண்டைக் கொடுத்த பிறகுதான் சரியானது. பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்த காலம், அதில் இந்திய மொழிகளுக்கான வசதியை ரீஜினல் செட்டிங்கில் போய் டிக் செய்து நிறுவினால்தான் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காரும். இன்னொன்று, புத்தகம் ஆங்கிலத்துக்குச் சொன்ன 11, 12 பிக்சல் அளவு தமிழுக்குப் போதவே போதாது. நான் 15-க்குக் கீழே போவதில்லை, வரி இடைவெளியும் ஒன்றரை மடங்குக்கு மேல் வைப்பேன், இல்லாவிட்டால் மேல் வரி எழுத்தின் வால் கீழ் வரி எழுத்தின் தலையில் இடிக்கிற மாதிரி தெரியும்.

டெம்ப்ளேட், அதாவது பல பக்கங்களுக்குப் பொதுவான அச்சு, அதற்கான பாடம் அடுத்த பொக்கிஷம். எங்கள் சைட்டில் டிசைன் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்று இருநூறு பக்கத்தை நெருங்கியது. அச்சகம் இடம் மாறிப் போன் நம்பர் மாறியபோது, டெம்ப்ளேட்டில் ஓர் இடத்தில் திருத்தி, அப்டேட் என்று கொடுத்ததும் அத்தனை பக்கத்திலும் மாறியது. அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். மாறியது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான், எல்லாப் பக்கத்தையும் மறுபடி எஃப்டிபியில் (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) ஏற்றியாக வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டதில் ஒரு வாரம் பழைய நம்பருக்கே ஆர்டர் கேட்டுப் போன் போயிருக்கிறது. ஆனால் டெம்ப்ளேட்டின் உண்மையான விலை பிறகுதான் தெரிந்தது. அது டிரீம்வீவருக்குள் மட்டும் வேலை செய்யும் ஏற்பாடு. வேறு எடிட்டரில் திறந்தால் பக்கம் திறக்கும், ஆனால் அந்த அப்டேட் வசதி கிடையாது. 2013-ல் அடோபி சந்தா முறைக்குப் போனபோது, இந்த ஒன்றுக்காகவே அச்சகத்தில் வாங்கி வைத்திருந்த பழைய பதிப்பை விடமுடியாமல் வருடக்கணக்கில் ஓட்டினேன். தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் பிஎச்பி இன்க்ளூட் ஆக, அதாவது எல்லாப் பக்கத்துக்கும் சர்வரே சேர்த்துக் கொடுக்கும் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்திருந்தால் அந்தச் சிக்கலே வந்திருக்காது, என் புத்தகம் அதைத் தொடவே இல்லை.

வீணாகிப்போன பாடங்களும் உண்டு. ஃப்ளாஷ் (பிரவுசரில் அசையும் படம் காட்டிய மென்பொருள்) பட்டன் செய்ய ஒரு பாடம், அந்த வசதி அடுத்த பதிப்பிலேயே போய்விட்டது, ஃப்ளாஷே 2020 கடைசியோடு முடிந்தது. ஸ்ப்ரை என்ற ஆயத்தத் தொகுப்பில் செய்யும் கீழிறங்கும் மெனு, சிஎஸ்3-ல் புதிதாக வந்தது. அதற்கான ஃபோல்டரையும் சேர்த்து ஏற்றாவிட்டால் மெனு வெறும் புள்ளிப் பட்டியலாக நிற்கும், அதுவும் 2013 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டுக்கும் நான் செலவழித்த ஐந்து இரவுகளை, பக்கத்தின் நிறம், அளவு, அமைப்பு எல்லாவற்றுக்கும் விதி எழுதும் சிஎஸ்எஸ் பாடத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் மொபைல் வந்தபோது கைகொடுத்தது அந்த சிஎஸ்எஸ் பாடம்தான். புத்தகம் சொன்னபடி ஆயிரம் பிக்சலுக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் நிலையாக அமைத்த பக்கம், போனில் எறும்பு எழுத்தாகத் தெரிந்தது. ஈதன் மார்க்காட் என்ற வெப் டிசைனர் 2010-லேயே, திரையின் அளவுக்கேற்பப் பக்கம் மாறும் ரெஸ்பான்சிவ் டிசைன் பற்றி எழுதிவிட்டார், எனக்கு அது எட்ட இன்னும் மூன்று வருடம் ஆனது. டிரீம்வீவர் சிஎஸ்6-ல் இதற்காக வந்த ஃப்ளூயிட் கிரிட் வசதியைப் போட்டுப் பார்த்தேன், அது எழுதித் தள்ளிய கோடு எனக்குக் கட்டுப்படவில்லை. கிளாஸ் என்றால் என்ன, ஐடி என்றால் என்ன, எந்த விதி எதை வெல்லும் என்பது புத்தகத்திலிருந்து மனதில் இருந்ததால் மீடியா குவெரியை (திரை அகலத்துக்கு ஏற்ற சிஎஸ்எஸ் விதி) கையாலேயே எழுதிக்கொள்ள முடிந்தது. இப்போது நான் பெரும்பாலும் விஎஸ் கோடு என்ற எடிட்டரில்தான் வேலை செய்கிறேன், டிரீம்வீவர் பழைய சைட் இரண்டுக்கு மட்டும்.

போன மாதம் அக்கா மகள் வந்து, "மாமா, இந்தப் புக்கை வச்சு நான் படிக்கலாமா?" என்று கேட்டாள். அவள் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை, நல்லவேளையாக அந்த ஃபோல்டர்களை எப்போதோ பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். சைட் அமைப்பது, தலைப்பும் பத்தியும், படங்கள், இணைப்புகள், சிஎஸ்எஸ், ஃபார்ம், இவற்றை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஏபி எலிமெண்ட் பாடத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டேன்.

பழைய புத்தகக் கடையில் இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் பின் உறையில் சிடி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பயிற்சிக் கோப்பு இல்லாவிட்டால் பாதிப் பாடம் புரியாது. புதிதாக வாங்குவதானால் உள்பக்கத்தில் பதிப்பு வருடத்தையும், பொருளடக்கத்தில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (சிஎஸ்எஸ்-ல் பகுதிகளை வரிசையாக அடுக்கும் முறை), மீடியா குவெரி என்ற இரண்டு பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.