வீல் பேரிங் சத்தத்துக்கு கிளட்ச் மாற்றினார்கள்: திருச்சிப் பக்கம் வண்டி விடுபவர்கள் கவனத்துக்கு

60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'ஊஊம்' என்று ஓர் இரைச்சல். 80-ஐத் தொட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காது. வண்டி பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். இந்தச் சத்தத்துக்காக, திருச்சி பைபாஸை ஒட்டிய எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் 26,800 ரூபாய் தண்டம் அழுதேன். சத்தம் அப்படியே இருந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன், அந்த விதம் ஊருக்கு ஊர் இருக்கிறது.

அங்கே ஒருத்தரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்தார், ஆக்சிலரேட்டரை இரண்டு உறுமு உறுமவிட்டார். "கியர்பாக்ஸ் பேரிங் சார், கிளட்ச்சும் முடிஞ்ச மாதிரி இருக்கு. இறக்கினாத்தான் தெரியும்" என்றார். ஓடும்போது மட்டும் வரும் சத்தத்தை நிற்கும் வண்டியில் கேட்டுச் சொன்ன மகான்! ஓட்டிக் காட்டுகிறேன் என்றதற்கு, "எங்களுக்குத் தெரியாத சத்தமா சார்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

'இறக்கினாத்தான் தெரியும்' என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. கியர்பாக்ஸ் கீழே இறங்கிவிட்டால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோக வழியில்லை. பிறகு வரும் ஒவ்வொரு போனுக்கும் 'சரி, போடுங்க' என்பதுதான் பதில். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று ஒரு போன். சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டிலும் புஷ் (ரப்பர்) போச்சு, ஆர்மையே மாற்றணும் என்று அடுத்தது. பிறகு சஸ்பென்ஷனிலேயே இன்னொரு கம்பி, லிங்க் ராட். கியர்பாக்ஸில் சத்தம் என்று ஆரம்பித்தவர்கள் சஸ்பென்ஷனுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கனெக்‌ஷன் சார்" என்றார்கள்.

டெலிவரி எடுத்து மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டுவதற்குள் அதே இரைச்சல். போன் போட்டால், "புது பார்ட்ஸ், செட் ஆக கொஞ்சம் ஓடணும்" என்றார்கள். உண்மையில் கெட்டிருந்தது வீல் பேரிங், அதாவது சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையம். தேய்ந்த வீல் பேரிங் ஓட ஓட செட் ஆகாது, இன்னும் கெடும். ரொம்ப முற்றினால் சக்கரமே ஆடத் தொடங்கும். அதோடு ஹைவேயில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

உறவினர் ஒருவர் பாலக்கரைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பானெட்டைத் தொடவேயில்லை. "உட்காருங்க தம்பி, ஒரு ரவுண்டு போவோம்" என்றார். காலி ரோட்டில் 70-இல் போகும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் லேசாக வளைத்தார், இரைச்சல் ஏறியது. வலப்பக்கம் வளைத்தார், குறைந்தது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும் என்பதால் சந்தேகம் வலது பேரிங்மேல். அடுத்து இன்ஜின் ஓடும்படியே நியூட்ரலுக்குத் தள்ளினார். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) சட்டென்று இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. "இன்ஜினும் இல்ல, கிளட்ச்சும் இல்ல" என்றார். (இன்ஜினை ஆஃப் பண்ணி இதைச் செய்யாதீர்கள். பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும்.)

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையைக் காயில் ஸ்பிரிங்மேல் வைக்கச் சொன்னார். வலப்பக்கம், மணல் அரைபடுவதுபோல உள்ளங்கையில் கரகரத்தது. இடப்பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை. பேரிங், பிரஸ் போட்ட கூலி, லேபர் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். சத்தம் போயே போச்சு.

வண்டி தூக்கியிருந்தபோதே இன்னொன்றும் வெளிப்பட்டது. 'புது' லோயர் ஆர்ம் இரண்டும் கறுப்பு ஸ்பிரே அடித்த பழசு! போல்ட் தலைமேல் பெயிண்ட் படிந்திருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. துணியில் தின்னர் நனைத்துத் துடைத்ததும் உள்ளே துரு. கழற்றிய பழைய பார்ட்ஸ் என்று டிக்கியில் போட்டுக் கொடுத்த ஆர்ம்கள் ஸ்விஃப்ட்டுடையதே இல்லை என்று பெரியவர் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

வண்டி விடும் முன் நீங்களே கொஞ்சம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறியதும் இரைச்சல் மாறினால் டயரைச் சந்தேகப்படுங்கள். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்த்தால் சத்தமும் இடம் மாறும். பேரிங் எந்த ரோட்டிலும் ஒரே மாதிரிதான் பாடும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெல்ல நகர்த்தும்போது டக் டக் என்றால் பெரும்பாலும் சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் முனை இணைப்பு. தெருவின் சின்னச் சின்னப் பள்ளத்தில் கடகடத்தால் லிங்க் ராட், புஷ் பக்கம் பார்க்கச் சொல்லலாம். பிரேக் மிதிக்கையில் கிரீச்சிட்டால் பேடைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். எதுவானாலும் மெக்கானிக் உங்களோடு வண்டியில் ஏறிச் சத்தத்தைக் கேட்காதவரை எதையும் கழற்ற விடாதீர்கள். எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

பில் கேட்டபோது, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் கூடும் சார்" என்று வெள்ளைத் தாளில் எழுதித் தந்தார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. பணத்தை நான் கூகுள் பேயில் அனுப்பியிருந்தேன். பெயின்ட் படிந்த போல்ட்டைப் பட்டறையில் வைத்தே வீடியோ எடுத்தாயிற்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

நேற்று அந்த சூப்பர்வைசரே கூப்பிட்டார். பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். முழுப் பணம், அதுவும் வங்கிக் கணக்கில் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.