4 மி.மீ. என்று விற்ற 2 மி.மீ. ஸ்கிட் பிளேட்: மாட்டுவதற்கு முன் எடை போடுங்கள்

கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டிக்குக் குறைந்த விலையில் ஸ்கிட் பிளேட் (அடிப்பாகத்தைப் பாறையிலிருந்து காக்கும் தகடு) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'எஞ்சின் முதல் டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை முழு செட், 4 மி.மீ. எஃகு' (டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய செட்டில், எஞ்சின் தகடு வெறும் 2 மி.மீ. விற்றவரைக் கேட்டால், மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். போல்ட் முறுக்கிய தடம் ஒன்றே அவருக்குப் போதும். அதனால் எல்லாச் சோதனையையும் மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஏமாற்று வேலை விளிம்பில்தான் நடக்கிறது. ஓரத்தை உள்பக்கமாக மடித்து அழுத்தி, அதன்மேல் பவுடர் கோட்டிங் அடித்துவிடுகிறார்கள். அங்கே வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் 4 காட்டத்தான் செய்யும். ஆயில் வடிக்க விட்டிருக்கும் நடுத்துளையின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே மடிப்பு இருக்காது.

வெர்னியர் இல்லாவிட்டால் தராசு போதும். ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் ஏறக்குறைய 7.85 கிலோ இருக்கும். மடிப்புகளையும் விரித்துக் கணக்கிட்டு 80 செ.மீ. × 60 செ.மீ. வருகிற தகடு 0.48 சதுர மீட்டர். 4 மி.மீ. என்றால் 15 கிலோ, 3 மி.மீ. என்றால் 11.3 கிலோ, 2 மி.மீ. என்றால் 7.5 கிலோ. துளைகளுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தத் துளையும் பாதி எடையைத் தின்னாது. வாங்குமுன்பே 'தகடு மட்டும் எத்தனை கிலோ' என்று எழுத்தில் கேளுங்கள். போல்ட், பிராக்கெட், பெட்டி எல்லாம் சேர்த்த எடையைச் சொல்லி மழுப்புவார்கள், விடாதீர்கள்.

2 மி.மீ. வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். வளையாமல் தாங்கும் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி கூடும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். வண்டி ஒரு பாறைமேல் உட்காரும்போது மெல்லிய தகடு மேலே வளைந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை அழுத்தும். சம்பின் அடித்தட்டுக்குச் சற்று மேலேதான் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. சம்ப் நசுங்கினால் அந்த வாய் அடைபடும், ஆயில் பிரஷர் இறங்கும், பேரிங்குகள் போகும். ஆயில் கீழே ஒழுகாததால் ஓட்டுகிறவர் கவனிக்காமலே போய்க்கொண்டிருப்பார். பாதுகாப்புக்கு மாட்டிய தகடே எஞ்சினுக்கு எமனாகிவிடும்.

மாட்டியபின் ஒரு சோதனை அவசியம். தகட்டின் நடுவில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காமல், பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சம்புக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது 15 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும், பாரம் ஏறியபின்னும் தொடக்கூடாது. நெருங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த செட்டில் வந்த போல்ட்டுகளும் தேறவில்லை. எல்லாம் M8 (8 மி.மீ. விட்டம்), தலையில் எந்த முத்திரையும் இல்லை. 8.8 என்ற வலிமைக் குறி பொறித்த M10 போல்ட்டுகள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை. போல்ட் தலைகள் தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது இன்னொரு கோளாறு: பாறை உரசி உரசித் தலை தேய்ந்துபோகும், பிறகு ஸ்பேனர் பிடிக்காது, ஆயில் மாற்றக்கூடத் தகட்டைக் கழற்ற முடியாது. தலை குழிக்குள் அமர்ந்திருக்க வேண்டும். போல்ட் பிடிக்கும் இடம் சேஸிஸாகவோ கனமான கிராஸ் மெம்பராகவோ (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) இருக்கட்டும். மெல்லிய தகட்டில் ரிவெட் நட் (துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்) அடித்துத் தொங்கவிட்டால் முதல் இடியிலேயே நட் சுழன்றுவிடும்.

அலுமினியம் வேண்டுமென்றால் 6 மி.மீ. எடுங்கள், 4 மி.மீ. எஃகுக்கு இணையான விறைப்பு, எடை பாதிதான். ஆனால் விலை கூடும். பாறைமேல் எஃகு வழுக்கிப் போகும், அலுமினியம் கீறிப் பிடித்துக்கொள்ளும். கைக்கடக்கமான செலவில் முடிக்க எஃகுதான் சரி.

பணம் குறைவு என்றால் முழு செட் ஆசையை விடுங்கள். எஞ்சினுக்கு ஒரே ஒரு நல்ல 4 மி.மீ. தகடு முதலில். அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ், பிறகு டீசல் அல்லது பெட்ரோல் டேங்க். அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு போனால், தகடு வளைக்கும் பட்டறையிலேயே கண் முன்னால் செய்து வாங்கலாம். சைலன்சர் குழாய்க்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் (புகையைச் சுத்தப்படுத்தும், கடுமையாகச் சூடாகும் பாகம்) நேர் கீழே திறப்பு விடச் சொல்லுங்கள். காய்ந்த புல் அங்கே அடைந்தால் தீப்பிடிக்கும். இரண்டாவது தகடு சேர்க்கும்போது அதன் முன்விளிம்பு முதல் தகட்டின் பின்விளிம்புக்கு மேலே அமர வேண்டும். மாற்றி மாட்டினால் முன்னால் போகும்போது ஒவ்வொரு கல்லும் அந்த விளிம்பில் மாட்டித் தகட்டையே பிடுங்கிவிடும்.