'நியாயமான ஒட்ஸ்' ஷீட்டுக்குக் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சில மாதங்களாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து ப்ரொப் பெட்களுக்குப் புள்ளிவிபரம் போட்டு நியாயமான ஒட்ஸ் கணித்து ஷீட்டாகத் தருவார்களாம். ஒட்ஸ் என்பது வென்றால் கட்டிய ஒரு ரூபாய்க்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற எண்; உண்மையான வாய்ப்புக்குச் சரியாகப் பொருந்தினால் அது நியாயமான ஒட்ஸ். மாதம் 5,000 ரூபாய். "இது சூதில்ல ப்ரோ, கணக்கு" என்பதுதான் அவர்களுடைய வாசகம். நான் கட்டினேன். வந்த ஷீட்டில் கணக்கு என்று ஒன்றுமே இருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுகிறேன்; உங்களுக்கு வரும் ஷீட்டை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

ப்ரொப் பெட் தெரியாதவர்களுக்கு: எந்த அணி வெல்லும் என்பதல்ல, ஒரு ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார், எத்தனை ரிபவுண்ட் பிடிப்பார், எத்தனை மூன்று புள்ளிக் கோல் போடுவார் என்பதில் கட்டுவது. ஒரு லைன் போடுவார்கள், உதாரணமாக 2.5. மூன்று அல்லது அதற்கு மேல் போட்டால் ஓவர், இரண்டோ குறைவோ என்றால் அண்டர். இந்த ஷீட் விற்கிற ஆள் எங்கள் பக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை. மிக்கேல் கல்லூரி பெயர் எடுத்த விளையாட்டு இது. விடிய ஆறு மணிக்கு எழும்பி என்பிஏ பார்க்கிற ஆட்கள் இங்கே நிறைய.

ஷீட் வழமையாகப் படமாகத்தான் வரும். ஒரு வரியைச் சொல்கிறேன். ஆட்டக்காரர் ஒருவர், மூன்று புள்ளிக் கோல், லைன் 2.5. ஓவருக்குப் பெட் கடை தரும் ஒட்ஸ் 1.75. "எங்கள் நியாயமான ஒட்ஸ்" 1.56. அதாவது நூற்றுக்கு 64 வாய்ப்பு இருக்கிற விஷயத்துக்கு 1.75 கிடைக்கிறது, அள்ளுங்கள் என்று அர்த்தம். காரணமாகப் போட்டிருந்தது ஒரே ஒரு வசனம்: "கடைசி 10 ஆட்டத்தில் சராசரி 2.6, லைனை விட மேலே!"

சராசரி சரிதான். ஆனால் அந்தப் பத்து ஆட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன்: 1, 2, 7, 2, 1, 4, 2, 3, 2, 2. கூட்டினால் 26. இதில் மூன்றைத் தாண்டியோ தொட்டோ போனது மூன்றே ஆட்டம். அந்த ஒரு ஏழு முழுச் சராசரியையும் தூக்கிவிட்டது. பத்து ஆட்டம் மிகக் குறைவு, அதை வைத்து வாய்ப்பு 30 வீதம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிச் சின்ன எண்ணிக்கையில் வரும் விஷயங்களுக்குப் பொய்சோன் பரம்பல் என்று ஒரு நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது, சராசரி 2.6 என்று அதில் போட்டால் மூன்றோ மேலோ வர வாய்ப்பு 48 வீதம். சராசரி லைனுக்கு மேலே இருந்தும் பாதிக்குக் கீழே! ஒன்றை 0.48 ஆல் பிரித்தால் நியாயமான ஒட்ஸ் கிட்டத்தட்ட 2.08. 1.75க்குக் கட்டினால் 100 ரூபாய்க்குச் சராசரியாக 16 ரூபாய் போகும்.

பொய்சோன் எல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அதே கடை அண்டருக்கு 2.05 தந்தது. நூறை ஒட்ஸால் பிரித்தால் வாய்ப்பு வரும்: ஓவர் 1.75 என்றால் 57.1 வீதம், அண்டர் 2.05 என்றால் 48.8 வீதம். கூட்டினால் 105.9. நூறுக்கு மேலே இருக்கும் அந்த 5.9தான் கடையின் இலாபம். 57.1ஐ 105.9ஆல் பிரித்தால் 54 வீதம், ஒட்ஸ் 1.85. ஆக, பெட் விற்கிற கடையே 1.85 என்று மதிப்பிடுவதை இவர் 1.56 என்கிறார். ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை, எல்லா வரியிலும் எப்போதும் இவருக்கு மட்டும் லாபம் தெரிகிறது.

கேட்டேன். "ஏஐ மொடல் ப்ரோ, உள்ளுக்க நிறைய வேரியபிள் இருக்கு" என்று பதில் வந்தது.

அப்புறம் ஒருநாள் அவசரத்தில் படத்துக்குப் பதிலாக எக்செல் கோப்பையே குழுவில் போட்டுவிட்டார். திறந்தேன். படத்தில் 1.56 என்று இருந்த இடத்தில் 1.61 என்று இருந்தது. வேறொரு கட்டத்தில் சும்மா என்டர் தட்டினேன், 1.54 ஆனது. அந்தக் கட்டத்தைத் தொட்டு மேலே ஃபோர்முலாவைப் பார்த்தால், கடையின் ஒட்ஸை எடுத்து 1.08க்கும் 1.15க்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணால் பிரிக்கச் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணை எக்செல்லின் ரேண்ட்பிட்வீன் என்ற கட்டளை ஒவ்வொரு தடவையும் தற்போக்காகப் பொறுக்கிக் கொடுக்கிறது. ஆட்டக்காரர் பெயரும் தேவையில்லை, சராசரியும் தேவையில்லை. கரம் போர்ட் ஒட்ஸைப் போட்டாலும் "8 முதல் 15 வீதம் லாபம்" என்று காட்டும். ஐந்து நிமிடத்தில் கோப்பை அழித்துவிட்டார், ஆனால் என்னிடம் பிரதி இருக்கிறது.

இதைவிட மோசமானது அடுத்தது. அக்கரைப்பற்றில் இருக்கும் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது "மச்சான், நானும் அந்த ஆளிட குழுவிலதான் இருக்கன்" என்றான். அது வேறு குழு, வேறு பெயர், காசு போடும் வங்கிக் கணக்கு மட்டும் ஒன்றே. பழைய செய்திகளை இருவரும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஆட்டம், ஒரே ஆட்டக்காரர், எங்களுக்கு ஓவர், அவனுக்கு அண்டர். ஒரு தடவை இல்லை. எங்கள் குழு தோற்ற நாளில் அவன் குழுவில் பட்டாசு ஸ்டிக்கர். இப்படிப் பல குழு வைத்தால் ஏதாவது ஒன்றில் நல்ல ஓட்டம் வரத்தான் செய்யும்: சும்மா நாணயம் சுண்டினாலும் 20க்கு 14 அல்லது மேல் சரிவர வாய்ப்பு கிட்டத்தட்ட 6 வீதம். வென்ற குழுவின் ஸ்க்ரீன்ஷொட்தான் விளம்பரமாக வருகிறது. தோற்ற டிப்ஸ் இரவோடு இரவாக நீக்கப்படும்.

சேரும்போது, பெட் கடையில் "எங்கள் லிங்க்கில்தான் கணக்குத் திறக்க வேண்டும்" என்று வற்புறுத்துவார். ஏன் என்று அப்போது சொல்வதில்லை. இந்தத் தொழிலில் ஆள் சேர்த்துவிடுபவருக்கு, சேர்ந்தவர் தோற்கும் காசில் பங்கு கொடுப்பது சாதாரண ஏற்பாடு. நாம் தோற்றால் அவருக்கு வரும், வென்றால் வராது. அப்படிப்பட்ட ஆளிடம் 5,000 கட்டி ஆலோசனை கேட்கிறோம்!

ஃபோர்முலாவின் படத்தைக் குழுவில் போட்டுக் காசைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "அண்ணா கோவப்படாதீங்க, அது டெமோ ஃபைல்". பிறகு தனியாகக் கூப்பிட்டு, தங்களுக்கு அமெரிக்காவில் உள்ளுக்குள் ஆள் இருப்பதாகவும் அடுத்த வாரம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். உள் ஆள் கதை உண்மையில் எப்படிப் போகும் என்பதற்கு டொரொன்டோ ராப்டர்ஸ் என்ற என்பிஏ அணியில் ஆடிய ஜோன்டே போர்ட்டர் இருக்கிறார். தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரருக்குக் கொடுத்தார், 2024 மார்ச்சில் ஒரு ஆட்டத்தில் மூன்று நிமிடம் ஆடிவிட்டுச் சுகமில்லை என்று வெளியேறினார், ஏப்ரலில் என்பிஏ அவருக்கு ஆயுட்காலத் தடை போட்டது. அந்த மாதிரித் தகவலை மட்டக்களப்பில் மாதம் 5,000க்கு விற்பார்களா? இதைக் கேட்டதும் என்னை ப்ளொக் பண்ணிவிட்டார். காசு வரவில்லை.

அந்தக் குழு இப்போது இல்லை. அதே நீலநிற ஷீட், வேறு லோகோவில், கல்முனைப் பக்கம் ஓடுவதாக நண்பன் சொல்கிறான். உங்கள் குழுவில் இப்படி ஒன்று வந்தால் ஓவர், அண்டர் இரண்டுக்கும் கடை தரும் ஒட்ஸைப் பார்த்து மேலே சொன்னபடி பிரித்துப் பாருங்கள். ஏற்கெனவே காசு கட்டியவர்கள் வங்கி ஸ்லிப்பையும் டிப்ஸ் வந்த அன்றைய ஸ்க்ரீன்ஷொட்களையும், அவர் நீக்க முன்னம், எடுத்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே கணக்குக்குப் பணம் போட்டவர்கள் உள்பெட்டியில் வந்தால் சேர்த்துக் கொடுக்கலாம்.