கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட்டாக சக்குலன்ட் ஆர்டர் செய்பவர்களுக்கு: கல்லைப் பெயர்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ஆவணியில் தங்கை கல்யாணம். ரிசப்ஷனுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு குட்டி சக்குலன்ட் (தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி) கொடுப்பதாக ஏற்பாடு. தொட்டி, பெயர் அட்டை எல்லாம் சேர்த்து ஒன்று 110 ரூபாய், மொத்தம் 300 செடி. சென்னையில் வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுக்கும் ஒரு டெக்கரேஷன்காரரிடம் பேசி, பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சொந்தக்காரர்களிடமிருந்து போன் மேல் போன். "செடி கூழாப் போச்சேம்மா", "தொட்டா கழண்டு கையில வருது". அடுத்த முகூர்த்தத்துக்கு இதே யோசனையில் இருப்பவர்கள் ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

செடிகள் வந்து இறங்கியதே ரிசப்ஷன் அன்று சாயங்காலம், மண்டபத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். ஊதா, நீலம், பளிச்சென்ற சிவப்பு, மேலே வெள்ளைக் கூழாங்கல் என்று பார்க்க நன்றாகத்தான் இருந்தன. மிச்சமானதை வீட்டில் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கூழாங்கல் தனித்தனியாக வரவில்லை. பசை ஊற்றி ஒரே பாளமாக ஒட்டியிருந்தார்கள். கத்தி முனையால் நெம்பினால் அடியில் சொதசொதவென்று கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். செடி அப்படியே கையோடு வந்தது. தண்டு கத்தரியால் நறுக்கிய மாதிரி தட்டையாக இருந்தது, ஒரு வேர்கூட இல்லை, நுனி கறுத்துக் குழைந்திருந்தது. தொட்டிக்கு அடியில் ஓட்டையும் கிடையாது.

வெட்டிய சக்குலன்டைச் சில நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் நட வேண்டும். அப்புறம் வேர் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பை மிச்சம் பிடித்துவிட்டு, வளர்ந்த செடியின் விலையை நம்மிடம் வாங்கிவிட்டார்கள். வேரில்லாத தண்டு ஆடாமல் நிற்கவும், நாம் உள்ளே பார்க்காமல் இருக்கவும்தான் அந்தப் பசை.

நிறமும் பொய். நகத்தால் சுரண்டினால் பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது, அடியில் வெளிறிய பச்சை. இலையைப் பெயின்ட் மூடினால் வெளிச்சம் எப்படி உள்ளே போகும்? செடி பட்டினி கிடந்தே சாகும். ஊதாவும் சிவப்பும் சக்குலன்டில் இயற்கையாகவே உண்டு. ஆனால் அது விளிம்பில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி இருக்கும். இலை முழுக்க ஒரே சீராக இருந்தாலும், தொட்டி விளிம்பில் அதே நிறம் தெறித்திருந்தாலும் வாங்காதீர்கள். கள்ளி உச்சியில் காகிதம் மாதிரி மொறமொறவென்று பூ இருந்தால், அதன் அடியில் பசை இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்ததில் அதுவும் இருந்தது.

எனக்கு ஆறவே மாட்டாத கோபம் இன்னொன்றில். நாங்கள் கேட்காமலேயே "பென்சில் கேக்டஸ்" என்று சில தொட்டிகளைக் கலந்து அனுப்பியிருந்தார்கள். அது நம் ஊர் வேலிகளில் நிற்கும் திருகுகள்ளி. ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பெரியவர்களே துடித்துப்போவார்கள். குழந்தைகள் ஓடியாடுகிற இடத்தில், ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லாமல் அதைக் கையில் கொடுக்க வைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் பணம் போனதைவிட, பெண், மாப்பிள்ளை பெயர் எழுதிய அட்டையோடு இருக்கிற தொட்டியில் செடி அழுகியதுதான் தாங்கவில்லை. அந்த ஆளைக் கேட்டால், "அக்கா, கெஸ்ட் தண்ணி ஓவரா ஊத்தியிருப்பாங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்கிறார். யாரும் தண்ணீரே ஊற்றாமல் எங்கள் வீட்டில் இருந்த செடிகளும்தானே அழுகின?

பில்லில் "செடி 300" என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனால் "எல்லாம் வேர் பிடிச்ச செடிதான்" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எங்களிடம் இருக்கிறது. அதையும் செடிகளின் போட்டோக்களையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போடலாம். பணம் வராவிட்டால் அங்கேயும் போவோம்.

செடிதான் கொடுக்க வேண்டும் என்றால் நேரில் நர்சரிக்குப் போய், கண்ணில் படுகிற நான்கைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். ரோஜா மாதிரி அடுக்கிதழாக இருக்கும் எச்செவேரியா மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி, இரவில் குளிர் கேட்கும். சென்னைப் புழுக்கத்தில் நிற்க வைப்பது கஷ்டம். ஹாவொர்த்தியா, பாம்புக் கற்றாழை, ஜேட் இவை தாங்கும்.

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து செடி வாங்கிப்போனவர்கள் இதைப் படித்தால்: கறுத்த பகுதியைச் சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நிழலில் காயவிடுங்கள். பிறகு பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில், ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். வேர் விடும்வரை தண்ணீர் மிகக் குறைவாகப் போதும். பால் வடிகிற செடி வந்திருந்தால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்துக்கு இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.