ஐபி பட்டியலா, பிங் நேரமா? மலைநாட்டில் நான் தேர்ந்தது

இலங்கை மலைநாட்டில் பதுளை, பண்டாரவளை, ஹட்டன் பக்கத்துக் கடைகளில் ரவுட்டரும் கேமராவும் பராமரிப்பது என் தொழில். கடைக்காரர்கள் கிளைக்குக் கிளை பெட்டியை மாற்றிவிடுவார்கள், சொல்ல மாட்டார்கள். பெட்டி புது ஐபியோடு, அதாவது புது இணைய முகவரியோடு, எழுந்து நிற்கும். அது எந்த ஊரில் இருக்கிறது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பான ஊருக்குப் போனால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

ஐபிக்கு ஊர் சொல்லும் தரவுத்தளத்தைத்தான் முதலில் பார்த்தேன். கேட்டவுடன் பதில் வரும். நாடு தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே சரி. ஆனால் பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரவுட்டரைக் கொழும்பு என்றது. தப்பு என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

பிங் நேரம் அப்படியில்லை. பெட்டிக்கு ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் திரும்பிவர எவ்வளவு நேரம் என்று அளப்பதுதான் பிங். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர ஒரு மில்லிசெக்கன் என்றால் பெட்டி 100 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கவே முடியாது. அதே ரவுட்டருக்குப் பதுளையிலிருந்து இரவு இரண்டு மணிக்கு 200 பிங் அனுப்பினேன். 9 மில்லிசெக்கன் வந்தது, 4 வந்தது, ஒரே ஒரு தடவை 1.1 வந்தது. எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். கொழும்பு நேர்கோட்டிலேயே சுமார் 130 கிலோமீற்றர், ஆக அங்கே இருக்க வழியில்லை. சராசரி எடுக்கவே கூடாது. நெரிசலும் சுற்றுவழியும் நேரத்தைக் கூட்டும், ஒருநாளும் குறைக்காது.

நேரம் கூடினால் தூரம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். கொழும்பு–பதுளை ரயில் பாதை சுமார் 290 கிலோமீற்றர்; தெமோதரையில் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுற்றி வரும். கேபிளும் வளைந்துதான் வருகிறது; ஹட்டனிலிருந்து பதுளைக்குக் கொழும்பு வழியாக வரும் பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) உண்டு. அதனால் ஹட்டன், கண்டி, கொழும்பு என்று இடம் தெரிந்த பெட்டிகளிலிருந்தும் அளந்து, வந்த நேரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தூரமோ அந்த அளவில் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியை எடுக்கிறேன். ஆய்வாளர்கள் 2004இலேயே சொன்ன முறை இது. வட்டம் பெரிதாக விழுந்தால் பதில் அவ்வளவுக்கு உறுதியில்லை என்று படத்திலேயே தெரிந்துவிடும். நான் இதைப் பிடித்துக்கொண்டதே அதற்காகத்தான்.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. ரவுட்டரில் பிங்குக்குப் பதில் சொல்ல அனுமதி கொடுத்து வைக்க வேண்டும், அளக்கும் பெட்டிகள் கரண்ட் போகாமல் நிற்க வேண்டும்.

மொபைல் வலையில் இணையும் 4ஜி டொங்கிளில் மூன்றைத்தான் சோதித்தேன். மூன்றுக்கும் 30 மில்லிசெக்கனுக்கு மேல். வட்டம் இலங்கையையே மூடிவிட்டது. அவற்றுக்கு இன்னும் கடைக்காரருக்கு ஃபோன் எடுத்துத்தான் கேட்கிறேன்.