ஆண்ட்ரோமீடாவின் எக்ஸ்-கதிர் இரட்டைகள்: சந்திராவா, நியூட்டனா?

ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் எக்ஸ்-கதிர் இரட்டைகளை, அதாவது செறிந்து சுருங்கிய நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ தன் துணை விண்மீனின் பொருளை இழுத்து எக்ஸ்-கதிர் வீசும் ஜோடிகளை, கணக்கெடுக்க விரும்புகிறவருக்கு இரண்டு எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுக் காப்பகங்கள் திறந்திருக்கின்றன: நாசாவின் சந்திரா, ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன். இரண்டும் 1999-இல் விண்ணுக்குப் போனவை. இரண்டின் தரவையும் யாரும் கட்டணமின்றிப் பெறலாம். நான் சந்திராவை எடுத்துக்கொண்டேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனாலும் தேர்வைத் தீர்மானித்தது அதன் பார்வைக் கூர்மைதான்.

நியூட்டனின் பலம் பரப்பு. ஒரே பார்வையில் அரைப் பாகை அகலம் அதற்கு அகப்படுகிறது. மூன்று பாகைக்கு மேல் நீண்டு கிடக்கும் ஆண்ட்ரோமீடாவை முழுவதும் அளக்க அது பெரிய வசதி. 2011-இல் வெளியான நியூட்டன் பட்டியலில் 1,897 எக்ஸ்-கதிர் மூலங்கள் உள்ளன. அவற்றுள் எவை இரட்டைகள், எவை வெகுதொலைவில் பின்னால் நிற்கும் வேறு மண்டலங்கள் என்று பிரிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆண்ட்ரோமீடா நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு வில்விநாடி (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது 12 ஒளியாண்டு. சந்திரா அரை வில்விநாடி வரை பிரித்துக் காட்டும். நியூட்டனில் ஒரு மூலத்தின் புள்ளி ஏறக்குறைய 6 வில்விநாடிக்குப் பரவிவிடும். நெரிசலான மையப் புடைப்பில் இரண்டு மூன்று இரட்டைகள் அதற்குள் ஒன்றாகக் கலந்து, ஒரே பிரகாசமான மூலமாகத் தெரியும். எண்ணிக்கையும் பிழை, ஒளிர்வும் பிழை.

துணை விண்மீனைத் தேடும்போது இந்த வேறுபாடு இன்னும் உறைக்கும். ஹப்பிள் தொலைநோக்கி ஆண்ட்ரோமீடா வட்டின் மூன்றில் ஒரு பங்கில் 11.7 கோடி விண்மீன்களை அளந்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர வில்விநாடிக்குச் சராசரியாகப் பதினெட்டு. மூலத்தின் இடம் அரை வில்விநாடி ஆரத்துக்குள் தெரிந்தால் பதினான்கு விண்மீன்களைச் சோதித்தால் போதும். அவற்றுள் பிரகாசமான நீல விண்மீன் ஒன்று இருந்தால், இரட்டையின் பெருநிறைத் துணை (நிறை மிகுந்த துணை விண்மீன்) அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரம் இரண்டு வில்விநாடி ஆனால் இருநூற்றுக்கும் மேல். யாரைச் சுட்டுவது? குறைநிறைத் துணையோ ஹப்பிளுக்கே எட்டாத மங்கல். அங்கே மூலம், அத்தகைய இரட்டைகள் அடிக்கடி தென்படும் கோளக் கொத்து ஒன்றின் (உருண்டையாக நெருங்கிய பழைய விண்மீன் கூட்டத்தின்) மேல் சரியாக விழுகிறதா என்று பார்க்கவும் துல்லியமான இடம்தான் தேவை.

இந்தக் கூர்மை பார்வைப்புலத்தின் நடுவில்தான். ஓரத்துக்குப் போகப்போகச் சந்திராவின் புள்ளியும் ஊதிப் பெருக்கும். அதன் கேமராவின் வடிகட்டியில் ஆண்டுக்காண்டு படிந்த மாசு குறைந்த ஆற்றல் கதிர்களை மறைப்பதால், அத்தகைய கதிர்களையே அதிகம் வீசும் மென்மூலங்களுக்குப் பழைய தரவையே நம்புகிறேன். நியூட்டனின் மென்பொருளில் எனக்குப் பழக்கம் குறைவு. அதன் சிரமங்களைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

ஒன்றில் மட்டும் நியூட்டனுக்கு ஈடில்லை. ஆண்ட்ரோமீடாவில் 1.2 நொடிக்கு ஒருமுறை சுழன்றபடி, 1.27 நாளில் துணையைச் சுற்றிவரும் நியூட்ரான் விண்மீனைக் காட்டிக்கொடுத்தது அதன் தரவுதான். சந்திராவின் கேமரா வழக்கமாக ஒரு சட்டகம் எடுக்கவே 3.2 நொடி ஆகிறது. சுழற்சிக்கு ஒருமுறை எழும் அந்தத் துடிப்பு அதில் கரைந்துபோயிருக்கும். துடிப்புகளைத் தேடுகிறவர் நியூட்டனின் காப்பகத்தையே திறக்க வேண்டும்.